கம்பள ஆசை

பொங்கலூர்த் தோட்டத்து மண்ணைப் பித்தளைச் செம்பில் போட்டு மோதிர விரலால் கலக்கினாள் மாரக்காள். மண் முழுக்கக் கரையவில்லை. ஒரு சின்னக் கல் அடியில் உருண்டு சத்தம் போட்டது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தெளிந்த தண்ணீரில் பஞ்சை நனைத்துத் தம்பியின் வாயோரம் பிழிந்தாள்.

"குடி சாமி. உன்ற காட்டு மண்ணு. ஆசை தீரக் குடிச்சுப்போட்டுப் போ."

பொங்கியண்ணன் குடித்தார். போகவில்லை.

கோயமுத்தூர் டாக்டர், "இனி ஊட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று சொன்னதை உறவினர்கள் தேதி குறித்துக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தேதி தாண்டிவிட்டது. இரண்டாவது பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. இடது கையும் இடது காலும் காதும் மிச்சம். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அவர் பாயில் கிடந்தார். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று மாற்றுத் துணி இல்லாமல் வந்த ஆண்களுக்கு வெள்ளையன் பின்கட்டுக் கம்பெனியின் பனியன் மூட்டையை அவிழ்த்துவிட்டிருந்தான். கழுத்து ஒரு பக்கம் இழுத்ததால் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாகக் கழுத்துக் கோணியவர்களாகத் தெரிந்தார்கள். பின்கட்டில் நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூச்சு இருக்கிற வரைக்கும் ஓட்டலாம் என்பது அவன் தீர்ப்பு. அவன் பொங்கியண்ணனின் தம்பி, கல்கத்தா ஆர்டர் வேறு.

நஞ்சம்மாள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் செய்யும்படி யாரும் விட்டுவைத்த வேலை அது ஒன்றுதான்.

"மண்ணாசை இல்லை போலிருக்குது" என்றாள் மாரக்காள். "சாரதாமணி, உன்ற மோதரத்தைக் கழட்டு."

பொங்கியண்ணன் மகள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். மாரக்காள் அதைச் சந்தனக் கல்லில் உரசி, அந்தத் தண்ணீரையும் விட்டாள். பொன்னாசையும் இல்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆசை பெண்ணாசை. அதைப் பற்றி நஞ்சம்மாளை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்ற சங்கடத்தில் சிலர் தொண்டையைச் செருமினார்கள்.

வெள்ளையன்தான் காப்பாற்றினான்.

"அக்கா, அண்ணனுக்கு மண்ணாசையும் கெடையாது, பொன்னாசையும் கெடையாது. எல்லாம் அந்தக் கம்பள ஆசைதான். அதுதான் கெட்டியாப் புடிச்சுட்டிருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஈயைப் பார்த்தாள்.

எல்லாம் ஒரு மேசையில் ஆரம்பித்தது. துரைமார் குன்னூர் பங்களாக்களை ஏலம் போட்டுவிட்டுக் கப்பல் ஏறிய காலத்தில், கம்பெனிக்கு ஒரு கட்டிங் மேசை மலிவாகக் கிடைக்கும் என்று பொங்கியண்ணன் மலை ஏறினார். மேசை கிடைத்தது. மேசைமேல் விரித்திருந்த கம்பளமும் கூடவே வந்தது. அந்தத் துரை முதல் உலகச் சண்டையின்போது பாரசீகத்தில் பட்டாளத்தோடு இருந்தவன் என்றும், அங்கே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலைக்கு மலை போகிற ஆட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் நெய்தது இது என்றும் பங்களா பட்லர் சொல்லியனுப்பியிருந்தார். மேசை இன்றைக்கும் கம்பெனியில் கிடக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விரிப்பை வீட்டுக்குள் விரித்து அன்று சாப்பாட்டை மறந்த மனிதர், அதற்குப் பிறகு எத்தனையோ வேளை மறந்தார்.

பனியன் விற்கப் பம்பாய் போகும்போதெல்லாம் ஒரு இரானி டீக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு, கம்பளம் நெய்கிற கூட்டத்தில் கஷ்காய் யார், அஃப்ஷார் யார், பலூச்சி யார், யார் எந்த முடிச்சுப் போடுவார்கள், எந்தச் சிவப்புச் சாயத்துக்கு எந்த வேர் என்று விசாரிப்பார். பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர்கூட அத்தனை விசாரிக்க மாட்டார். சாரதாமணிக்கு இவர் விசாரிக்கவும் இல்லை. வீட்டுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குதிரை முதுகில் போடும் இரட்டைப் பை ஒன்று. கழுத்துக் குறுகிய பை ஒன்று. உப்புக்காக நெய்தது என்றார். நஞ்சம்மாள் அதில் உப்பைக் கொட்டி அடுப்படியில் மாட்டினாள். கோபிப்பார் என்று நினைத்தாள். அவரோ வருகிறவர் போகிறவரையெல்லாம் அடுப்படிக்குக் கூட்டிவந்து அந்த உப்பைக் காட்டினார்.

உறவுக்கு எல்லாமே ஜமக்காளம்தான். "இதுக்கா இந்தப் பாடு? பவானிக்குப் போனா புதுசாவே தருவானே" என்பார்கள். அவர் பனியன் வேஸ்டில் ஒரு துண்டை நனைத்துக் கம்பளத்தில் அழுத்தித் தேய்த்துக் காட்டுவார். துண்டு வெள்ளையாகவே இருக்கும். "நூறு வருசமாச்சுங்க. ஒரு பொட்டுச் சாயம் எறங்குதா?"

"அட, அழுக்கும் எறங்கலையேங்க" என்றார் ஒரு முறை ஒருவர்.

கம்பெனியில் வெள்ளையில் ஒரு சாயல் பழுப்படித்தால் செக்கிங் பெண்களை நிற்க வைத்துத் திட்டுகிற மனிதர் அவர். வீட்டில், குன்னூரிலிருந்து வந்த அந்தக் கஷ்காய்க் கம்பளத்தின் சிவப்புப் பரப்புக்கு நடுவே நீலம் பாதியில் வேறு நீலமாக மாறுகிற இடத்தை, நல்ல சேதி மாதிரி நஞ்சம்மாளுக்குக் காட்டினார்.

"இங்க வரைக்கும் ஒரு ஊரு. இதுக்கு மேல வேற ஊரு. தண்ணி மாறிப்போச்சு பாரு. தறியச் சுருட்டிக் கழுத மேல போட்டுட்டுக் கெளம்பீருவாங்க. அடுத்த எடத்துல முளையடிச்சு மறுக்காக் கட்டுவாங்க. அதுதான் ஓரமும் கோணிப்போச்சு."

"இதே கோணல் பனியன்ல இருந்தா செகண்ட்ஸுன்னு தூக்கி வீசுவீங்கல்லொ?"

"பனியன் வருசத்துல கிழியோணும், அப்பத்தான் நமக்குப் பொழப்பு. இது இருக்கறதுக்குச் செஞ்சது நஞ்சு. நெய்தவளும் போயிட்டா, இதுமேல படுத்தவங்களும் போயிட்டாங்க, தொரையும் போயிட்டான். நடுவுல சித்த நேரம் நாம வெச்சிருக்கறோம்."

உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒரு முறை தடவினார். பட்டு மாதிரி படிந்தது. பிறகு அவள் கையைப் பிடித்துக் கீழிருந்து மேலாக இழுத்தார். முடி எழுந்து அந்த இடம் மட்டும் இருண்டது. "முடி சாயற பக்கம் தடவோணும். எதுப்பக்கம் போனா கறுத்துக் காட்டிக் குடுத்துரும்." அவள் கையை அவர் பிடித்திருந்தது கம்பளத்துக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பிடித்திருந்தார்.

பிறகு அந்தத் தீபாவளி வந்தது. அவர் பம்பாயில் இருந்தார். பலூச்சிக் கம்பளம் ஒன்று, கறுஞ்சிவப்பு, எத்தனை வெயிலில் போட்டாலும் ஆட்டு வாடை போகாதது. தீபாவளி நோம்பிக்குள் அதைச் சுத்தம் செய்து வைத்து அவரைத் திகைக்க வைக்க நினைத்தாள் நஞ்சம்மாள். திருப்பூரில் அழுக்குக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. வெள்ளையனுக்கு நொய்யல் கரையில் ப்ளீச்சிங் பட்டறை. அண்ணன் மனைவி கேட்டுவிட்டாளே என்று அவன் தனி அக்கறை எடுத்துக்கொண்டு, பனியன் துணியோடு சேர்த்துக் காஸ்டிக் சோடாவில் வேக வைத்தான். பருத்தி தாங்கும். ஆட்டு முடி தாங்காது என்பது அண்டாவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. கழியில் வழிந்தது கூழ். கொடுத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்ற நாணயத்தில் அவன் அதையும் ஒரு பக்கெட்டில் கொண்டுவந்து சேர்த்தான்.

பொங்கியண்ணன் பக்கெட்டுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"அது வெளுக்கறதுக்குச் செஞ்சதில்ல நஞ்சு."

அவ்வளவுதான். முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து கை கழுவினார். திட்டு வாங்கத் தயாராக வந்திருந்த வெள்ளையனுக்கு அது கிடைக்கவில்லை. நஞ்சம்மாளுக்கும் கிடைக்கவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் அவள் கையைப் பிடித்து எதையும் தடவிக் காட்டவில்லை. காட்டாததற்கு அதுதான் காரணமா, வயசு காரணமா என்று அவளும் கேட்கவில்லை.

இப்போது சாரதாமணி பீரோவுக்கு மேலிருந்து அந்தக் கஷ்காயை இறக்கிக்கொண்டு வந்தாள். பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்தது. வெள்ளையன் கம்பெனிக்குள் போய்க் கட்டிங் மாஸ்டரின் பெரிய கத்திரிக்கோலோடு திரும்பினான்.

"ஒரு கொத்து முடி போதுங்க்கா. பாலுல கரைச்சு ஊத்தீருவோம்."

"கத்திரிய அக்கட்டால வெய்யுங்க" என்றாள் நஞ்சம்மாள்.

இரண்டு நாளில் அவள் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. வெள்ளையன் கத்திரிக்கோலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"என்னுங்க நங்கை, அண்ணனோட உசுரு..."

"கரையறது எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவன் முகம் தொங்கியது. மாரக்காள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கு முருங்கை மரத்துச் சங்கதி தெரியாது. ஆனால் சங்கதி ஒன்று இருக்கிறது என்பது தெரியும். "வெட்ட வேண்டாம், நனைச்சுப் புழிவோம்" என்று முடித்துவைத்தாள்.

கம்பளத்தின் ஓரக் குஞ்சத்தைச் செம்பில் முக்கிப் பிழிந்தார்கள். தண்ணீர் தூசியாக வந்தது. சிவப்பாக வரவில்லை. நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லக்கூடிய ஆள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார், அந்தத் தண்ணீருக்காக. ஒரு சொட்டு விட்டதும் முகத்தைச் சுளித்தார். போகவில்லை.

"அப்பப் படுக்க வெச்சுருவோம்" என்றாள் மாரக்காள். "ஆசப்பட்டதுமேலயே போகட்டும்."

பாயை உருவிவிட்டுக் கம்பளத்தை விரித்தார்கள். நான்கு கோணல் கழுத்துக்காரர்கள் அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். இடது கை பக்கவாட்டில் விழுந்தது. விரல்கள் அசைந்தன. உள்ளங்கை மெல்ல ஒரு பக்கமாகப் போய், எதிர்ப்பக்கமாக வந்து, மறுபடி சாய்கிற பக்கமாகவே போய் நின்றது.

"பாரு, பாரு, கண்டுபுடிச்சுட்டான்!" என்றாள் மாரக்காள். சாரதாமணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நஞ்சம்மாளுக்குக்கூட, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது.

"சுடுகாட்டுக்குப் போறப்ப இதையும் கூடவே போட்டுருவோம்" என்றான் வெள்ளையன். அவனுக்கும் ஏதோ ஒன்றைச் செய்து தீர்க்க வேண்டியிருந்தது. "அண்ணன் கூடவே போகட்டும்."

"ஏனுங்க, அது ஊட்டுல இருக்கட்டுமேங்க" என்றாள் நஞ்சம்மாள்.

"எப்பிடி இருக்கும் அம்மிணி?" என்றாள் மாரக்காள். "செத்தவிய படுத்தது மறுக்கா ஊட்டுக்குள்ள ஆகாது. எரிச்சரோணும். இல்லீன்னா வண்ணானுக்குக் குடுத்தரோணும். ஆருக்கும் தெரியாததா?"

அது யாருக்கும் தெரியாததில்லை. பொங்கியண்ணனுக்கும் தெரியும். அவருக்குக் காது கேட்கும் என்பதைத்தான் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் இடது கால் அசைய ஆரம்பித்தது. முழங்கால் மடங்கும், குதிகால் கம்பளத்தை ஊன்றித் தள்ளும், உடம்பு விரற்கடை நகரும், கால் சரிந்து விழும். மறுபடி மடங்கும்.

"கால் வழியா உசுரு போகுது" என்றார் கூடத்திலிருந்து வந்து பார்த்த ஒரு பெரியவர். போகும் வழி தெரிந்ததில் அறையில் ஒரு நிம்மதி பரவியது.

"சரி, மூச்சு நின்னா அப்பறம் அடுப்புப் பத்த வெக்க ஆகாது. பொழுதோட ஆயிரும். எல்லாரும் வந்து ரெண்டு வாய் தின்னுபோடுங்க" என்று மாரக்காள் எழுந்தாள். "உப்புமா ஆறுது. சாரதாமணி, வா கண்ணு. நீயும் வா அம்மிணி."

"நீங்க உண்ணுங்க. ஈ மொய்க்குது" என்றாள் நஞ்சம்மாள்.

சாகப்போகிற வீட்டில் சாப்பிடுவதில் இருக்கிற அவசரத்தோடு அறை காலியானது. கூடத்தில் இலை போடும் சத்தம் கேட்டது. கால் மடங்கியது, ஊன்றியது, தள்ளியது. நஞ்சம்மாள் விசிறியைக் கீழே வைத்தாள். அவர் தோள் கம்பளத்தின் ஓரத்தைப் பார்த்துத்தான் நகர்ந்திருந்தது. அந்தப் பக்கம் கதவு இல்லை, சாமி படம் இல்லை, ஒன்றும் இல்லை. காவி பூசிய தரை மட்டும் இருந்தது.

அவள் குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தாள்.

"எறங்கோணுமா?"

கண் மூடித் திறந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் ஓடிக் காதுக்குள் போயிற்று.

"சித்த பொறுங்க. நான் இருக்கறேன்."

தலைமாட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தன் பக்கம் இழுத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரைத் தூக்கியதே இல்லை. இளைத்துப்போன உடம்புதான், இருந்தும் நகர மறுத்தது. "கொஞ்சம் தள்ளுங்க. அப்பிடித்தான். நீங்களும் தள்ளுங்க." இடது கால் ஊன்றியது. தலை கம்பளத்தைத் தாண்டி வந்தது. தோள் வந்தது. "இன்னொருக்கா." கூடத்தில் யாரோ உப்புமாவுக்குச் சர்க்கரை கேட்டார்கள். இடுப்பு வந்தது. கால் மறுபடி மடங்குமா என்று பார்த்தாள். மடங்கவில்லை. தனியாகவே இழுத்தாள். இரண்டு குதிகால்களும் கம்பளத்தின்மேல் கோடு இழுத்துக்கொண்டே வந்தன.

இழுப்பதை நிறுத்தி மூச்சு வாங்கினாள். தன் மூச்சு அடங்கிய பிறகுதான், அறையில் அது ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது.

அவர் தலை அவள் மடியில் இருந்தது. முதுகு தரையில் இருந்தது. பாதங்கள் இரண்டும் கம்பளத்தின் ஓரத்தில் இருந்தன.

நஞ்சம்மாள் அழவில்லை; அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அவர் தலையை மெதுவாகத் தரையில் வைத்தாள். கால்மாட்டுக்குப் போய் வலது பாதத்தைத் தூக்கித் தரையில் வைத்தாள். இடது பாதத்தைத் தூக்கினாள். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதையும் வைத்தாள். கம்பளத்தைச் சுருட்டி, வேட்டியில் சுற்றி, பீரோவுக்குப் பக்கத்தில் சுவரோடு நிறுத்தினாள். அப்புறம்தான் அவள் போட்ட சத்தத்தில் கூடத்தில் இலைகள் நகர்ந்தன. பின்கட்டில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மாரக்காள் எச்சில் கையோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். தரையில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற உருளையைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்தே? எதுமேல போனான்?"

"தரையிலதானுங்க."

முதுகு தரையில்தான் இருந்தது. கால் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு உடம்பைக் குளிப்பாட்டும்போது, பாதத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாரக்காளின் கை நின்றது. இடது குதிகாலின் வெடிப்பில் சிவப்பாக ஒரு முடி ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து நஞ்சம்மாளைப் பார்த்தாள். நஞ்சம்மாள் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரக்காள் இரண்டு விரலால் அந்த முடியை எடுத்து, தன் இடுப்பு முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தண்ணிய ஊத்து" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவு கலைந்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. மாரக்காளும் சொல்லிக்கொள்ளாமல்தான் மாட்டுவண்டியில் ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "அம்மிணி, அதை வெயில்ல போடு. ஆட்டு நாத்தம் அடிக்குது" என்றாள். வண்டி நகர்ந்தது.

மறுநாள் காலை நஞ்சம்மாள் கம்பளத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விரித்தாள். கணக்கு வழக்குக்காக வந்த வெள்ளையன் அவளைத் தேடி மாடிக்கே வந்துவிட்டான். கம்பளத்தைப் பார்த்தான்.

"நங்கை, இந்தக் குஞ்சம் நனைஞ்சதுல கொஞ்சம் அழுக்காட்ட..."

வாயை மூடிக்கொண்டான். பிறகு குனிந்து, காற்றில் மடங்கியிருந்த ஒரு மூலையை நிமிர்த்திவிட்டுப் படியிறங்கிப் போனான். கீழே மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஊர் நீலமும் அடுத்த ஊர் நீலமும் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டையும் தாண்டி, முடிக்கு எதிர்ப்பக்கமாக, கறுப்பாக இரண்டு கோடுகள் கம்பளத்தின் ஓரம் வரைக்கும் போயிருந்தன. ஒன்று நேராக இருந்தது. மற்றது, இடது காலுடையது, விட்டு விட்டு இருந்தது.

நஞ்சம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை மேலிருந்து கீழாக, சாய்கிற பக்கமாகவே தடவிக்கொண்டு வந்தாள். முடி படிந்து பளபளத்தது. கோடுகள் வந்த இடத்தில் கையைத் தூக்கி, தாண்டி, அந்தப் பக்கம் வைத்தாள்.